பையை மாட்டிக்கொண்டு சீனத்துப் பழைய நகரங்களுக்கு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மதுரையிலிருந்து கிளம்பி நான்கு முறை சீனாவில் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். எந்த முறையும் டூர் கம்பெனி இல்லை. முதுகில் ஒரு பை, கையில் பாஸ்போர்ட், அவ்வளவுதான். போய் வந்ததிலிருந்து தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, 12 நாள் லீவு கிடைத்திருக்கிறது. பெய்ஜிங், சியான், செங்டு, குய்லின், ஷாங்காய், ஹாங்காங் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. ஆறு ஊரில் ஆறு ரயில் நிலையத்தைத்தான் பார்ப்பாய். பெய்ஜிங் 3 நாள், பிங்யாவ் 2, சியான் 4, லுவோயாங் 2 என்று வைத்துக்கொள். மீதி ஒரு நாள் எங்கேயாவது மனசு ஒட்டிக்கொண்டால் அங்கே தங்குவதற்கு. நான்கு ஊரும் அதிவேக ரயிலில் இணைந்தவை. பெய்ஜிங்கிலிருந்து பிங்யாவுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், அங்கிருந்து சியானுக்கு மூன்று, சியானிலிருந்து லுவோயாங்குக்கு ஒன்றரை.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சீனத்துப் பழைய ஊர்களின் உயிர் காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் இருக்கிறது. லுவோயாங்கில் விடியும்போதே சூப் கடைகளில் வரிசை நிற்கும். மாட்டெலும்பு சூப், ஆட்டு சூப், டோஃபு சூப் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கடை. பெரிய கிண்ணத்தில் வாங்கி, தட்டை ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, நடைபாதையில் போட்ட முக்காலியில் உட்கார்ந்து குடிப்பார்கள். தீர்ந்தால் கிண்ணத்தை நீட்டினால் போதும், காசு இல்லாமல் இன்னும் ஊற்றுவார்கள். பத்து மணிக்குப் போனால் கடையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். இரவில் வந்து மறுநாள் மதியம் கிளம்புகிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

பிங்யாவ் சின்ன ஊர். சுமார் 6 கிலோமீட்டர் சுற்றளவுள்ள, மிங் வம்ச அரசர்கள் காலத்து மதில் அப்படியே நிற்கிறது. 1823இல் தொடங்கிய ‘ரிஷெங்சாங்’ உண்டியல் கடையின் கட்டடமும் அங்கேதான். வெள்ளியை மாட்டுவண்டியில் ஏற்றாமல் காகிதத்தில் எழுதி ஊர் விட்டு ஊர் பணம் அனுப்பிய கடை. நகரத்தார் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கறையில் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

விசா எப்படி? (திருச்சியிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர்)

சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் என்றால் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே சுற்றுலா விசா எடுக்க வேண்டும். விமானம் மாறும் வழியில் 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். அந்தப் பட்டியலில் நம் இரண்டு நாடும் இல்லை. டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். திபெத் மட்டும் தனிக் கதை: தனி அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போக முடியாது.

அக்டோபர் முதல் வாரம், மே முதல் வாரம், சீனப் புத்தாண்டு, இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். நாடே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கும். ஏப்ரல் நடுவிலும் செப்டம்பரிலும் வெயிலும் இல்லை, கடும் குளிரும் இல்லை.

சென்னையிலிருந்து: அங்கே ரொக்கமே வாங்க மாட்டார்களாமே? நம் ஊர் கார்டு வேலை செய்யுமா?

வாங்குவார்கள். ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்றுதான் விதி. ஆனால் தள்ளுவண்டிக்காரரிடம் 100 யுவான் நோட்டை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடுவார். பணம் கட்டும் ‘அலிபே’ ஆப்பைப் போனில் ஏற்றி, விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரை உள்ள கார்டை இணைத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் கிடையாது. தெருவில் சாப்பிடுவதற்கு அதைத் தாண்டவே தாண்டாது.

இதை ஊரிலேயே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து ஏற்றி, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்து வைக்க வேண்டும். நம் வங்கியின் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், அதனால் அந்த சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும். என் இரண்டாவது பயணத்தில் ஓடிபி வராமல், ஸ்டேஷனில் சாப்பாட்டுக் கடை முன்னால் அரை மணி நேரம் நின்றேன். பின்னால் நின்ற கல்லூரிப் பெண் தன் போனில் கட்டிவிட்டு, நான் நீட்டிய ரொக்கத்தை வாங்கவே மறுத்துவிட்டாள். அதிலிருந்து 500 யுவான் சில்லறையாக எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? கூகுள் மேப் உண்டா?

கூகுள், வாட்ஸ்அப், யூட்யூப், இன்ஸ்டா எதுவும் அங்கே உள்ளூர் இணைப்பில் திறக்காது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டாலோ, வெளிநாட்டு இ-சிம் வாங்கினாலோ திறக்கும். திறந்தாலும் கூகுள் மேப்பை நம்பாதீர்கள், கடை ஒரு தெரு தள்ளி நிற்கும். உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் ‘ஆமாப்’ வரைபடம்தான் சரி. மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை ஊரிலேயே இறக்கி வையுங்கள். தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படமாக வைத்திருங்கள்.

அப்புறம் விரல் கணக்கு. கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டினால் ஆறு. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் எட்டு. முதல் நாள் ஒரு பாட்டி இரண்டு விரலைக் காட்டியதும் நான் இரண்டு யுவான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கோபப்படவே இல்லை. என் உள்ளங்கையை விரித்து, கோடு இழுத்து எட்டு என்று எழுதிக் காட்டினார்.

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா: நான் சுத்த சைவம்மா, முட்டைகூட ஆகாது. எனக்குச் சீனா சரிப்படுமா?

சரிப்படும்மா. ஆனால் மூன்று விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. சீனத்தில் ‘ரௌ’ என்று சும்மா சொன்னால் பன்றிக்கறி என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். காய்ந்த இறாலோ கோழி சூப்போ உள்ளே போய்விடும், அவர்கள் ஏமாற்றவில்லை. ‘வோ ச்சி சு’ என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவள். அது ஒரு நோன்பு போன்ற சொல், உடனே புரிந்துகொள்வார்கள். அதோடு ‘கறி, மீன், இறால், முட்டை, எலும்பு சூப், பன்றிக் கொழுப்பு எதுவும் கூடாது’ என்று முழு வாக்கியத்தைச் சீனத்தில் எழுதி வாங்கி, அட்டையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வதக்கிய கீரையில்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கலாம் என்பதால் கடைசிச் சொல் முக்கியம்.

பெரிய புத்தக் கோயில்கள் பலவற்றிலும், அவற்றை ஒட்டிய தெருக்களிலும் சைவ உணவகம் இருக்கும். அங்கே பூண்டு, வெங்காயம்கூடப் போட மாட்டார்கள். வாத்துக்கறி, மீன் என்று படம் போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், எல்லாம் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்தவை.

மூன்றாவது, தெருவிலேயே சாப்பிடக்கூடியவை. சியானில் லியாங்பி இருக்கிறது. கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் போட்டுக் கசக்கிக் கழுவுவார்கள். பால்போல் வரும் தண்ணீரைத் தெளியவைத்து, அடியில் தங்கும் மாவைத் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, விரல் அகலப் பட்டையாக நறுக்குவார்கள். கழுவி மிஞ்சிய பசையும் வீணாகாது, அது பஞ்சுபோல் வெந்து அதே கிண்ணத்துக்கு வந்துவிடும். மேலே வெள்ளரி, முளைப்பயறு, வினிகர், பூண்டுத் தண்ணீர், மிளகாய் எண்ணெய். குளிர்ந்திருக்கும், புளிக்கும், காரமும் உண்டு. அரிசிமாவில் செய்த வகையும் கிடைக்கும், வாயில் வைத்தால் நம் இடியாப்ப மாவின் வாசனை. ஜென்காவ் என்று ஒன்று, பசையரிசியையும் பேரீச்சை போன்ற சீன இலந்தைப் பழத்தையும் அடுக்கடுக்காக வைத்துப் பானையில் மணிக்கணக்காக வேகவைத்தது. காலையில் மட்டும்தான். அவித்த சர்க்கரைவள்ளி, சுட்ட சோளம், சோயாப்பால் எல்லா ஊரிலும் உண்டு.

ஜியான்பிங் பார்த்தால் தோசை மாதிரியே இருக்கும். தியான்ஜின் வகையில் மாவே பச்சைப்பயறுதான், நம் பெசரட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஆனால் ஊற்றிய கையோடு முட்டையை உடைத்துவிடுவார்கள். மாவு ஊற்றும் முன்பே அட்டையைக் காட்டுங்கள்.

காரைக்குடியிலிருந்து: சியானில் ஒரே ஒரு சாப்பாடு சாப்பிட வேண்டும் என்றால் எது?

ஆட்டுக்கறி சாப்பிடுவீர்கள் என்றால் யாங்ரௌ பாவ்மோ. கடைக்குள் போனதும் சாப்பாடு வராது. வெறும் கிண்ணமும் இரண்டு வட்ட ரொட்டியும்தான் வரும். ரொட்டி அரைகுறையாகச் சுட்டது, கல்போல் இருக்கும். அதை நீங்களே பிய்க்க வேண்டும், கொண்டைக்கடலை அளவுக்கும் சின்னதாக. நான் முதலில் பெரிது பெரிதாகப் பிய்த்தேன். பக்கத்து மேசைத் தாத்தா எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டி, என் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து நாலாக்கிக் காட்டினார். அவர் கை நிற்கவே இல்லை. நண்பரோடு பேசிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல், கட்டை விரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இருபது நிமிஷம் ஆனது, விரல் நுனி சிவந்துவிட்டது.

பிய்த்து முடித்ததும் கிண்ணத்தில் எண் வைத்து அடுப்படிக்கு எடுத்துப்போவார்கள். ஆட்டெலும்பு சூப்பில் அந்த ரொட்டியைப் போட்டுக் கொதிக்கவைத்து, கறித்துண்டும் கண்ணாடி சேமியாவும் சேர்த்துத் திரும்ப வரும். பெரிதாகப் பிய்த்தால் உள்ளே மாவாக நிற்கும், பொடியாகப் பிய்த்தால் ஒவ்வொன்றும் சாறு குடித்திருக்கும். அதற்காகத்தான் அந்த இருபது நிமிஷம். கலக்கக்கூடாது, ஓரத்திலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வர வேண்டும். தொட்டுக்கொள்ளச் சர்க்கரையில் ஊறிய பூண்டு ஊறுகாய்.

முரசுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெய்யுவான்மென் தெருவில் விளக்கும் கூட்டமும் அதிகம். பார்க்கப் போங்கள், சாப்பிட அதற்கு மேற்கே கொஞ்சம் நடந்து சாஜின்ச்சியாவ் தெருவுக்குப் போங்கள். அங்கேதான் அந்த வட்டாரத்து ஆட்கள் சாப்பிடுகிறார்கள்.

சாப்பிட்டதும் சியான் நகர மதில்மேல் ஏறுங்கள். 13.7 கிலோமீட்டர் சுற்று, மேலே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மதிலுக்குத் தெற்கே இருப்பது பெரிய காட்டுவாத்துக் கோபுரம். பள்ளிப் பாடத்தில் படித்த யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து சுமந்துபோன ஏடுகளை வைக்க 652இல் கட்டியது. அவர் நம் காஞ்சிபுரம் வரை வந்துவிட்டுப் போனவர்.

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி: ஹலால் கிடைக்குமா அக்கா?

கிடைக்கும், தாராளமாக. ‘ச்சிங்ஜென்’ என்று கேள். பலகை பெரும்பாலும் பச்சையில் இருக்கும். மேலே சொன்ன சியான் பகுதி ஹுய் முஸ்லிம்கள் பல நூறாண்டாக வாழும் இடம். ஊரெங்கும் பன்றிக்கறி வைத்து விற்கும் ரௌஜியாமோ ரொட்டியை அங்கே உப்பில் ஊறிய மாட்டுக்கறி வைத்துத் தருவார்கள். பெரிய பள்ளிவாசலுக்குக் கட்டாயம் போ. 742இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். இப்போது நிற்பவை பெரும்பாலும் மிங் காலத்துக் கட்டடங்கள். குவிமாடம் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள், ஓட்டுக்கூரை, மரவேலை. ஊருக்குள் இவ்வளவு அமைதியான இடம் இருக்கும் என்று வெளியே சந்தையில் நிற்கும்போது தோன்றாது. சீனாவின் எந்த ஊரிலும் லான்ஜோ கைநூடுல்ஸ் கடை இருக்கும், பெரும்பாலும் முஸ்லிம்கள் நடத்துவது. மாட்டுக்கறி தவிர்ப்பவர்கள் கவனிக்கவும், அதன் சூப்பே மாட்டெலும்பில்தான்.

தேள், பாம்பு, பூச்சி எல்லாம் குச்சியில் குத்தி விற்பார்களாமே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் பார்த்த படங்களில் பல பெய்ஜிங் வாங்ஃபூஜிங் பக்கத்து இரவுச் சந்தையில் எடுத்தவை. அதைச் சுற்றுலாக்காரர்களுக்காகவே வைத்திருந்தார்கள், 2016இல் மூடியும் விட்டார்கள். சில வட்டாரங்களில் பட்டுக் கூட்டுப்புழு, வெட்டுக்கிளி உண்பது உண்மைதான், நம் ஊரில் ஈசல் வறுத்துத் தின்பதில்லையா? ஆனால் ஒரு சாதாரணச் சீனத் தெருவில் காலையில் கண்ணில் படுவது ஆவி பறக்கும் மூங்கில் தட்டும், எண்ணெயில் பொரியும் நீள மாவுக்குச்சியான யூத்தியாவும், சோயாப்பாலும்தான்.

திருநெல்வேலியிலிருந்து: வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா?

கூட்டம் இருக்கும் வண்டி, கண்ணெதிரே வேகும் பண்டம், இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஆனால் கொதித்த தண்ணீர் ரயிலிலும் ஸ்டேஷனிலும் விடுதியிலும் இலவசம், ஒரு பிளாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுக் கழிப்பறை எங்கும் உண்டு, காகிதம்தான் இருக்காது. சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்யும், அது ஒவ்வாமை இல்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

நிலக்கடலை ஒவ்வாமை பற்றி ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். உங்களுக்கு மட்டும் தெருச் சாப்பாட்டைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கடலை எண்ணெயும் எள்–கடலை விழுதும் கேட்காமலே விழும், கரண்டியும் ஒன்றுதான்.

ரயில் டிக்கெட் எடுப்பது கஷ்டமா?

இல்லை. ‘12306’ என்ற அரசு ஆப்பில் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்தால் 15 நாள் முன்னதாக எடுக்கலாம். பாஸ்போர்ட்டேதான் டிக்கெட். ஸ்டேஷனில் பையை ஸ்கேன் செய்வார்கள், பழம் நறுக்கும் கத்தி இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

ஒரு இரவாவது பழைய பச்சை ரயிலில் போங்கள். ‘யிங்வோ’ என்பது நம் மூன்றடுக்கு ஏசி மாதிரி, மெத்தை, போர்வை எல்லாம் உண்டு. கீழ்ப் படுக்கைக்கு விலை கூடுதல், மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது. எதிரே இருப்பவர்கள் சூரியகாந்தி விதையைக் கைநிறைய அள்ளி நீட்டுவார்கள். நம் ஊர்க் கடலைமிட்டாயை அதற்காகவே கொண்டுபோவேன்.

உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால், பவர் பேங்கில் சீனத்து ‘3சி’ பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். 2025 ஜூன் கடைசியிலிருந்து அது இல்லாததை உள்ளே விடுவதில்லை.

பெண் தனியாகப் போகலாமா? விடுதியில் பிரச்சினை வருமா? (சேலத்திலிருந்து ஒரு தங்கை)

போகலாம்மா, நான் மூன்று முறை தனியாகத்தான் போனேன். இரவு பதினொரு மணிக்குச் சந்தையிலிருந்து விடுதிக்கு நடந்து வந்திருக்கிறேன், ஒரு தடவையும் பயந்ததில்லை. பெய்ஜிங், ஷாங்காயில் மட்டும் ஒன்று. ஆங்கிலம் நன்றாகப் பேசும் இளம் ஜோடி தானாக வந்து, ‘வாங்களேன், சேர்ந்து டீ குடிக்கலாம்’ என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. பில் ஆயிரக்கணக்கில் வரும்.

ஹாஸ்டலில் பெண்களுக்கான தனி அறை கேள். எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாக வேண்டும். விடுதி என்றால் அவர்களே செய்துவிடுவார்கள், தோழி வீட்டில் தங்கினால் நீயேதான் பதிவு செய்ய வேண்டும். ஒரு சின்ன விடுதியில் பணம் கட்டிய பிறகு ‘வெளிநாட்டவருக்கு இல்லை’ என்று இரவு ஒன்பது மணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதிலிருந்து முன்பதிவு செய்ததும், இந்தியப் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்ய முடியுமா என்று ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர்: சீனாவில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊருக்குப் போயிருக்கிறீர்களா?

போயிருக்கிறேன், சார். குவான்சௌ. அவர்கள் சொல்வது ‘ச்சுவான்ஜோ’ என்று கேட்கும். ஷியாமென் நகரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 1281இல், குப்ளாய் கான் காலத்தில், அங்கே சிவன் கோயில் எடுத்ததைத் தமிழிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், கானின் உடல்நலம் வேண்டி. சகாப்தம் 1203, சித்திரை மாதம் என்று நம் கணக்கில் எழுதியிருக்கிறது. நம் வணிகர்கள் அங்கே குடியிருந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோயில் இப்போது இல்லை. கடல்வணிக அருங்காட்சியகத்தில் அதன் கற்கள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் முதலில் கையுவான் கோயிலுக்குப் போங்கள். 686இல் தோன்றிய புத்தக் கோயில். முன்பக்கம் எல்லோரும் ஊதுவத்தி கொளுத்திக் கும்பிடுவார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வாருங்கள். அங்கே இரண்டு பச்சைக்கருங்கல் தூண். பழைய சிவன் கோயிலிலிருந்து வந்ததாகக் கருதப்படுபவை. வட்டத்துக்குள் நரசிம்மர், இரணியனை மடியில் கிடத்தியிருக்கிறார். இன்னொன்றில் இரட்டை மரங்களுக்கு நடுவே கண்ணன். மண்டபத்தின் முன்மேடை அடியில் வரிசையாகச் சிங்கங்கள். நான் போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது, ஈரத்தில் கல் இன்னும் கறுத்து, செதுக்கல் துல்லியமாகத் தெரிந்தது. துடைப்பத்தோடு நின்ற அம்மா ஒருவர் நான் நெடுநேரம் நிற்பதைப் பார்த்து, ‘யின்து?’ என்று கேட்டார். இந்தியாவா என்று. தலையசைத்தேன். தூணைத் தட்டி, என்னைக் காட்டி, மறுபடி தூணைத் தட்டினார்.

உங்கள் வயதுக்கு இந்த ஊர் சிரமமே இல்லை, சார். தட்டையான ஊர், நடந்தே பார்க்கலாம். கோயிலை விட்டு வெளியே வந்தால் மேற்குத் தெரு. ஊரின் காலை உணவு மியன்ஷியன்ஹு, நூலைவிட மெல்லிய சேமியாவைக் கூழாகக் காய்ச்சி, சிப்பியோ குடலோ உங்கள் விருப்பப்படி போட்டுத் தருவது. நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கடலைச் சூப் கேளுங்கள், ‘ஹுவாஷெங் தாங்’. தோல் நீக்கிய நிலக்கடலையை நாக்கால் அழுத்தினாலே கரையும் வரை வேகவைத்து, இனிப்புச் சேர்த்துச் சூடாக ஊற்றுவார்கள். சில கடைகளில் முட்டையை அடித்து ஊற்றுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். யூத்தியா ஒன்றை வாங்கி அதில் தோய்த்துச் சாப்பிடுங்கள்.